பார்ப்பதற்கென்றே ஒரு பயணம்

"நீங்கள் இதுவரை எங்கெங்கே பயணம் போயிருக்கிறீர்கள்?" என்று பெண்கள் குழுக் கூட்டங்களில் நான் கேட்பதுண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் கூச்சம் தெளிந்து பேசுவதற்கான இலேசான கேள்வி என்றுதான் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். வன்னியில் அது இலேசான கேள்வி அல்ல. "95இல வலிகாமத்தால வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு, 96இல கிளாலியால கிளிநொச்சிக்கு, பிறகு அக்கராயன், மல்லாவி..." என்று சகோதரிகள் விரல் மடித்து எண்ணத் தொடங்குவார்கள். ஒருவர் பதினான்கு வரை எண்ணினார். பதினான்கும் இடப்பெயர்வுகள்.

வெளிக்கிடுதல் என்றால் நல்ல சேலை உடுத்து, பூ வைத்து, ஒரு விசேஷத்துக்குப் புறப்படுவது. அந்த அழகான சொல் எங்களுக்கு உழவு இயந்திரப் பெட்டி, உரப்பை, தறப்பாள், அடையாள அட்டைகள் சுற்றிய பொலித்தீன் பை என்று ஆகிவிட்டது. ஒரு இடத்தைப் பார்ப்பதற்கென்றே போய், பார்த்துவிட்டு, அதே வீட்டுக்குத் திரும்பி வருவது என்பது எங்கள் வயதுப் பெண்கள் பலருக்குத் தெரியாத அனுபவம். எங்கள் தாய்மாருக்கு இன்னும் தூரம்.

என் அம்மாவுக்கு அது 49ஆவது வயதில் வாய்த்தது. 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் பல்கலைக்கழக ஆசிரியர்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது ஏறத்தாழ நூறு நாட்கள் நீடித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த நான் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடுமுறை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா தையலில் சேர்த்த சீட்டுக் காசு ஐம்பதாயிரம் அந்த மாதம்தான் கையில் விழுந்திருந்தது. நான் ரியூசன் கொடுத்துச் சேர்த்தது முப்பத்தேழாயிரம். இந்தியாவுக்குப் போவோமா என்று நான்தான் கேட்டேன்.

அம்மா "காசு?" என்று கேட்கவில்லை. "அப்பா வந்தால் ஆர் படலை திறக்கிறது?" என்று கேட்டார்.

2009 மே மாதத்துக்குப் பின் அப்பாவைப் பற்றிய தகவல் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. 2010இல் மீள்குடியேறிய நாளிலிருந்து அம்மா ஓர் இரவுகூட வீட்டைவிட்டு வெளியே தங்கியதில்லை. கலியாண வீடோ செத்த வீடோ, கடைசி பஸ்ஸைப் பிடித்தாவது வந்துவிடுவார். காணாமற்போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்யும் சகோதரிகளுக்கு இது தெரிந்த கதை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் என்பவர் 1970களில், வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன விமானிகளின் மனைவிமாரோடு பேசி இந்த நிலைமைக்கு ஒரு பெயர் வைத்தார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது. அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. வகுப்பில் அதைக் குறிப்பெடுத்தபோது எனக்கு அம்மாவின் படலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

சின்னம்மா வந்து பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. அம்மா மூன்று நிபந்தனைகள் போட்டார். இரவில் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டக்கூடாது. விறாந்தை லைற்றை அணைக்கக்கூடாது. சோறு ஒரு ஆளுக்குக் கூடப் போடவேண்டும். போதாததற்குக் கொப்பித் தாளில் ஒரு கடிதமும் எழுதி மேசையில் விளக்குக்குக் கீழே வைத்தார். "நானும் பிள்ளையும் இந்தியா போறம். 12 நாளில வந்திடுவம். தங்கச்சி சாப்பாடு தருவா. எங்கேயும் போயிடாதேங்கோ."

ஊருக்கு என்ன சொல்வது என்பது அடுத்த பிரச்சினை. மனிசன் எங்கே என்று தெரியாத பெண் உல்லாசப் பயணம் போகிறாள் என்றால் வாய்கள் சும்மா இருக்குமா? இராமேஸ்வரத்துக்கு யாத்திரை போகிறோம் என்று அம்மா சொன்னார். உடனே எல்லோரும் சரி என்றார்கள். நேர்த்திக்கடன் காசுகூடத் தந்தார்கள். எங்கள் சமூகம் பெண்ணுக்குக் கொடுத்திருக்கும் ஒரே லீவு கோயில்தான். அதை எங்கள் அம்மாமார் எவ்வளவு கெட்டித்தனமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்பதை யாராவது ஆராயவேண்டும்.

இராமேஸ்வரம் என்றது முழுப் பொய்யும் அல்ல. 1970களில் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. அம்மப்பா அதில் ஒருமுறை போய்வந்தவர். "அடுத்த வருஷம் உன்னையும் கொண்டுபோறன்" என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்தாராம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய், 1980களின் முற்பகுதியில் கப்பலே நின்றுவிட்டது.

விசாப் படிவத்தை நிரப்பியபோது மணநிலை என்ற இடத்தில் பல தெரிவுகள் இருந்தன. அம்மாவுக்குரிய தெரிவு இருக்கவில்லை. "மணமானவர் எண்டு போடு" என்றார் தயக்கமில்லாமல். அடுத்த வரியில் கணவரின் பெயர், பிறந்த இடம். நான் தட்டச்சு செய்ய, அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்.

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில்தான். விமானம் என்றால் அம்மாவுக்குக் கிபிர்தான். சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் குதிக்க வேண்டியது. அதற்குள்ளே ஏறி இருந்தபோது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மேலே எழும்பியபின் மெல்ல யன்னலால் பார்த்தார். வீடுகள், தென்னந்தோப்புகள், ஒரு ஆறு.

"மேலயிருந்து பார்க்க வீடெல்லாம் இவ்வளவு சின்னனாவோ தெரியும்?" என்றார்.

"ஓம் அம்மா."

"அதுதான்..." என்று தொடங்கி, அதற்குமேல் சொல்லவில்லை. தந்த பணிஸை அரைவாசி சாப்பிட்டு, மற்ற அரைவாசியைக் கைலேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அந்தப் பையைப் பற்றிச் சொல்லவேண்டும். தங்குமிடத்திலும் ரயிலிலும் அதுதான் அவருக்குத் தலையணை. அடையாள அட்டை, என் பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அப்பாவின் படம், ரோர்ச், ஒரு பைக்கற் பிஸ்கற். சுற்றுலாவுக்குக் காணி அனுமதிப்பத்திரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மாமல்லபுரத்தில்தான் அம்மா முதலில் சிரித்தார். கடற்கரைக் கோயிலைவிட, ஐந்து இரதங்களைவிட, அவருக்குப் பிடித்தது ஊரின் நடுவே பாறையில் செதுக்கியிருக்கும் பெரிய சிற்பத் தொகுதி. அர்ச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் சொல்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. தேவர்களும் யானைகளும் முனிவர்களும் நிறைந்த அந்தப் பாறையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பூனை. பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. பக்கத்தில் எலிகள் பயமில்லாமல் நிற்கின்றன. "இஞ்ச பார் பிள்ளை, கள்ளப் பூனை! எங்கட வட்டாரத் தலைவரைப்போல" என்று ஒருவரின் பெயரைச் சொல்லி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். 2009க்குப் பிறகு அம்மா பல் தெரியச் சிரித்து நான் கண்டது அன்றுதான். சற்றுத் தள்ளிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம், பெண் குரங்குக்கு ஆண் குரங்கு பேன் பார்த்தபடி. அதன் முன்னால் நின்று படம் எடுக்கவும் சம்மதித்தார்.

அன்று மாலையே வேறு அனுபவம். தஞ்சாவூருக்குப் போய் இறங்கி இடம் தேடியபோது மூன்று லொட்ஜ்களில் "இலங்கையா? ரூம் இல்லம்மா" என்றார்கள். சாவிகள் பலகையில் வரிசையாகத் தொங்கின. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணித்தியாலத்துக்குள் ‘சி’ படிவம் நிரப்பி அனுப்பவேண்டும் என்பது அங்கே சட்டம். சிறிய இடங்களுக்கு அது தொல்லை. அதோடு இலங்கைத் தமிழர் என்றால் பொலிஸ் வந்து விசாரிக்கும் என்ற பயம். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "முகாமில இடம் இல்லை எண்டு சொல்லாத இடமோ? நட" என்றார். நாலாவது இடத்தில் ஒரு வயதான அம்மா தன் மகனை அழைத்து, "பொம்பளப் புள்ளைங்கடா, படிவத்த நிரப்பிக் குடு" என்று சொல்லி அறை தந்தார். போகிறவர்கள் கடவுச்சீட்டு, விசாப் பக்கப் பிரதிகள் பத்துப் பத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் போய் இறங்குங்கள். "கேரளாவா?" என்று கேட்பார்கள், எங்கள் பேச்சு அவர்களுக்கு அப்படித்தான் கேட்கிறது. கோபிக்கவேண்டாம்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நான் அம்மாவுக்கு நிறையச் சொன்னேன். பல்கலைக்கழக நூலகத்தில் அதன் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்திருந்தேன். முதலாம் இராசராசன் 1010இல் கட்டி முடித்தது. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த விமானம். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் பார்க்க விரும்பியது கோயிலின் சுவரிலிருக்கும் எழுத்துகளை. அரசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு ஆடற்பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். அந்த நானூறு பேரின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு ஒருவருக்கு நூறு கலம் நெல் என்று எல்லாமே கல்லில் வெட்டியிருக்கிறது.

"எல்லாற்ற பேரும் இருக்கோ?"

"நானூறும் இருக்கு அம்மா."

அம்மா அந்த எழுத்துகளில் விரல் வைத்தார். வாசிக்கத் தெரியாது, பழைய எழுத்து. ஆனாலும் விரல் நகர்ந்துகொண்டே போனது. எங்களிடமிருந்த பெயர்ப் பட்டியல்கள், விசாரணைகளுக்கென்று கொடுத்து, திருப்பிக் கேட்டு, மறுபடியும் கொடுத்துக் கசங்கிப்போன தாள்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அம்மாவுக்கு என்ன ஞாபகம் வந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. பங்கு பெற்றவர்களில் இறந்துபோனவருக்கும், வேற்றிடம் போய்விட்டவருக்கும் பதிலாக, அடுத்த உரித்துடையவர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்யவேண்டும் என்பது. இறந்தவரையும் போய்விட்டவரையும் ஒரே வரியில் வைத்து, குடும்பத்துக்குச் சேரவேண்டியதைச் சொல்கிறது. அந்த நேரம் அம்மா அப்பாவின் பெயரிலிருந்த வங்கிப் புத்தகத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். மரணச் சான்றிதழ் எடுத்து வாருங்கள் என்பதுதான் எல்லா மேசையிலும் பதில். காணாமற்போனவர் என்றே பதிந்து சான்றிதழ் வழங்குவதற்கு எங்கள் நாட்டில் 2016இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நானூறு பெண்களின் விருப்பத்தை யாரும் கேட்டுக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களும் ஆணையால் ஊர் மாற்றப்பட்டவர்கள்தான். ஆனால் போனவரின் பெயரையும், அவருக்குப் பின் யார் என்பதையும் எழுதி வைப்பது ஓர் அரசுக்கு முடியாத காரியம் அல்ல என்று தெரிகிறது அல்லவா?

மதுரை வேறு மாதிரி. அங்கே மீனாட்சிக்குத்தான் முதல் வழிபாடு, பிறகுதான் சுந்தரேசுவரர். பாண்டியருக்கு மகளாகப் பிறந்து, தானே முடிசூடி ஆண்டவள் என்பது கதை. "மனிசியைத்தான் முதலில கும்பிடவேணுமாம்" என்று அம்மா எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார், நான்தான் அதை அவருக்குச் சொன்னேன் என்பதை மறந்து.

கோயில் தெருவில் பூக்காரப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்த வாசத்துக்குச் சான்றிதழ் தேவையில்லை. அம்மா எப்போதும் பொட்டு வைப்பார். ஊரில் அதற்கே கதை உண்டு. நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூப்பிடமாட்டார்கள். அப்பாவுக்குத் திவசம் செய் என்றும் சொல்வார்கள். பூ வைப்பதை அவர் 2009இலேயே விட்டுவிட்டார், தேவையில்லாத கதை வேண்டாமென்று. மதுரைப் பூக்காரிக்கு இது எதுவும் தெரியாது. பொட்டைப் பார்த்தார், வெறுந்தலையைப் பார்த்தார். "என்னம்மா, பூ வைக்காம அம்மனப் பாக்கப் போறீங்க?" என்று இரண்டு முழம் அளந்து, அம்மா வாய் திறக்குமுன் கொண்டையில் சொருகிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் காசைக் கொடுத்தேன்.

அன்று முழுதும் அந்தப் பூ இருந்தது. இரவு அதை ஈரத் துணியில் சுற்றி யன்னலில் வைத்தார். அடுத்த நாள் காலை நான் கேட்காமலே, "நேற்று வாங்கின ஆளிட்டையே வாங்குவம்" என்றார். மதுரையிலிருந்த மூன்று நாளும் பூவோடுதான் திரிந்தார். யாருக்கும் தெரியாத ஊரில் இருப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. என் அம்மாவின் கலியாண நாள் படத்தில் இருக்கும் முகத்தை நான் நேரில் கண்டது அங்கேதான்.

மதுரையில் காந்தி அருங்காட்சியகத்துக்கும் போனோம். இராணி மங்கம்மாளின் பழைய மாளிகையில் 1959இல் தொடங்கியது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணியை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் கூட்டம் வந்து, பார்த்து, போனது. அடுத்த கூட்டமும் வந்து போனது. அம்மா நகரவில்லை. "ஒரு துணியெண்டாலும் இருக்கே" என்று மட்டும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். வாசலில் இளநீர் வாங்கிக் குடித்தோம். மூன்று நாளில் மூன்று முறை இளநீர் குடித்து, ஒவ்வொரு முறையும் எங்கள் வளவு இளநீரைப்போல வராது என்று அம்மா தீர்ப்புச் சொன்னார்.

இராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனோம், பாம்பன் பாலத்துக்காகவே. 1914இல் திறந்த பழைய பாலம்; கடலுக்குமேல் மெல்ல மெல்ல ஊர்ந்து போகும். (அந்தப் பாலத்தில் 2022 டிசம்பருடன் ரயில்கள் நின்றுவிட்டன. அருகே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.) கோயிலின் பெரிய பிரகாரத்தில் தூண்கள் வரிசையாகப் போய்க் கண்ணுக்கு எட்டாமல் மறைகின்றன. இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீருக்கும் ஒவ்வொரு ருசி என்று அம்மா சொன்னார். எனக்குக் குளிர் மட்டும்தான் தெரிந்தது.

அக்கினி தீர்த்தக் கரையில்தான் நான் பயந்தது நடந்தது. இறந்தவர்களுக்குப் பிதிர்க்கடன் செய்வதற்காகவே இந்தியா முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள். ஒரு ஐயர் வந்து "யாருக்கும்மா திதி?" என்று கேட்டார். அம்மா தன் தகப்பன், தாய், 1999இல் செல்லடியில் இறந்த மாமா என்று மூன்று பெயர்கள் சொன்னார். பெண்கள் செய்ய முடியாது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தட்சணையை வாங்கிக்கொண்டு தானே செய்தார். எள்ளும் தண்ணீரும் விட்டபின், "வீட்டுக்காரர்?" என்றார், அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்காததைப் பார்த்து. எங்கள் ஊரிலும் மூன்று வருடமாக இதைத்தான் கேட்கிறார்கள்: செய்யவேண்டியதைச் செய்து முடி, அவருக்கும் நல்லது, உனக்கும் நல்லது. கடலுக்கு முன்னால், எல்லோரும் செய்யும் இடத்தில், அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னால் நான் தடுப்பேனா, அழுவேனா என்றும் தெரியவில்லை.

"அவருக்கு உள்ளுக்க செய்யவேணும் ஐயா" என்றார் அம்மா.

ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு கோயிலுக்குள் போனோம். அர்ச்சனைத் தட்டு வாங்கினோம். உயிரோடு இருப்பவருக்குச் செய்வதுபோல, அப்பாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். உத்தரட்டாதி. குருக்கள் சத்தமாகச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு பெரிய கோயிலில் அப்பாவின் பெயர் ஒலித்தது எனக்கு ஏதோ அப்பாவே அந்தப் பிரகாரத்தில் எங்களுக்கு முன்னால் நடந்து போவதுபோல இருந்தது.

மறுநாள் தனுஷ்கோடி. இப்போது அரிச்சல்முனை வரைக்கும் தார் வீதி இருக்கிறது. அது 2017இல் திறக்கப்பட்டது. நாங்கள் போனபோது பாதி வழியில் இறங்கி, மணலிலும் கடல் தண்ணீரிலும் ஓடும் வானில் ஏறவேண்டும். ஆட்டிய ஆட்டத்தில் அம்மா "முள்ளிவாய்க்கால் றோட்டு இதைவிடத் திறம்" என்றார். சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

அங்கே ஒரு ஊரே இடிந்து நிற்கிறது. தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தபாற்கந்தோர். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயலில் கடல் எழும்பி ஊரை மூடியது. பயணிகளோடு வந்த ரயிலையும் கொண்டுபோனது. அதுவரைக்கும் சென்னையில் ரிக்கற் எடுத்து ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புவரை வரலாம். அந்தக் கப்பல் இங்கிருந்துதான் தலைமன்னாருக்கு வெளிக்கிட்டது. இடிந்த சுவர்களை மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை. கூரையில்லாத பாடசாலையும் தேவாலயமும் எங்களுக்குக் காட்சிப்பொருள் அல்ல. சுவரின் வெடிப்பைத் தடவிப் பார்த்து, "இது ஷெல் இல்லை, கடல்தான்" என்று அம்மா உறுதிப்படுத்திக்கொண்டார்.

முனைக்குப் போனோம். ஒருபக்கம் அமைதியான கடல், மறுபக்கம் அலை அடிக்கும் கடல், நடுவில் மணல் நாக்கு. எதிரே முப்பது கிலோமீற்றருக்குள் தலைமன்னார். 1990இல் எங்கள் சனங்கள் வள்ளங்களில் வந்து இறங்கியது இந்தக் கரைகளில்தான். அம்மா கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது என் போன் சத்தமிட்டது. பத்து நாளாகச் செத்துக் கிடந்த இலங்கை சிம்முக்கு எங்கள் பக்கத்து ரவரின் சிக்னல் கிடைத்துவிட்டது. அம்மா போனைப் பறித்தார். நடுங்கும் விரலால் சின்னம்மாவின் இலக்கத்தைத் தானே அழுத்தினார்.

"நான்தான். ஆரும் வந்தவையோ?"

காற்றில் சின்னம்மாவின் குரல் எனக்குக் கேட்கவில்லை.

"சரி. படலை பூட்டேல்லைத்தானே? ... ஓம், ஓம், நல்லாயிருக்கிறம். கடலுக்குப் பக்கத்தில நிக்கிறன். அங்கால எங்கட ஊர் தெரியுற மாதிரிக் கிடக்கு."

போனைத் தந்துவிட்டு மணலில் இருந்தார். பைக்குள்ளிருந்து பிஸ்கற்றை எடுத்தார். பத்து நாளாக அவசரத்துக்கென்று பத்திரப்படுத்திய அதே பைக்கற். உடைத்து எனக்கும், வானில் வந்த ஒரு மதுரைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். வெறும் பைக்கற்றை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எங்கள் இருவருக்கும் விமான ரிக்கற் உட்பட எல்லாச் செலவும் எண்பத்தேழாயிரத்துக்குள் முடிந்தது. அப்போது நூறு இந்திய ரூபாவுக்கு எங்கள் காசு 240 அளவில். இன்றைய விலைகளோடு அதை ஒப்பிடமுடியாது. ஆனால் வழிகள் கூடியிருக்கின்றன. பலாலியில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள். அது மாரிகாலத்தில் நிற்பதும் பிறகு ஓடுவதுமாக இருக்கிறது. காசைக் கட்டுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் கடக்க வசதியில்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் குழுவில் மாதம் ஐந்நூறு ரூபாச் சீட்டுப் போட்டு 2018இல் பொலன்னறுவைக்கும் நுவரெலியாவுக்கும் போனோம். பஸ்ஸில் இடம் பிடித்துத் தந்த பிறகும் மூன்று சகோதரிகள் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும், படலை. அடுத்த முறை ஒவ்வொரு வீட்டிலும் யார் நிற்பது என்று முதலில் ஒழுங்குசெய்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பேசினோம். மூவரும் வந்தார்கள். மனதைத் தேற்றிக்கொள், மறந்துவிடு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

2025 பங்குனியில் அம்மா கப்பலில் போனார். என்னோடு அல்ல, எனக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலிருக்கும் இரண்டு பெண்களோடு. அவர்கள் இருவரின் வீட்டுக்காரரும் திரும்பி வராதவர்கள்தான். விசாப் படிவத்தைக் கடையில் நிரப்புவித்தார்கள். மூன்று பேரும் மணமானவர்கள் என்றே போட்டார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு யாத்திரை என்று சொல்லவில்லை. "சும்மா பார்க்கப் போறம்" என்றார்களாம். கப்பல் நாலு மணித்தியாலம் அளவில் ஓடியது. மற்ற இருவரும் வாந்தி எடுக்க, அம்மா வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாராம், தகப்பன் சொன்ன கடல் இதுதான் என்று.

வீட்டுக்கு நான் பொறுப்பு. போகுமுன் அம்மா எனக்கும் அதே மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். இரண்டாம் நாள் மாலை நாகபட்டினத்திலிருந்து அழைப்பு வந்தது.

"பிள்ளை, ஆரும் வந்தவையோ?"

"தபால்காரர்தான் அம்மா. கரண்ட் பில்."

"சரி. நாங்கள் நாகூர்ப் பக்கம் போட்டு, நாளைக்கு வேளாங்கண்ணிக்குப் போறம். அரிசியை ஊறப் போட்டிடாதை, வந்து நான் பார்க்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.